மலைக்கோயில் கற்கோடரிகள்

சேலத்திற்குக் கிழக்கே சமவெளியில் அமைந்த அயோத்தியாப்பட்டணம், கோதண்டராமர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். இலங்கையிலிருந்து மீண்ட இராமபிரான் இங்குத் தங்கினான் என்பது ஊரார் போற்றும் மரபு. நாயக்கர் காலச் சிற்பத்திறனை அக்கோயில் தூண்கள் இன்றும் காட்டி நிற்கின்றன. இவ்வூரிலிருந்து வடக்கே நோக்கினால் சேர்வராயன் மலை தெரியும். குப்பனூர் வழியே செல்லும் மலைப்பாதை ஏற்காட்டை அடைகிறது. கோயில் தூண்களைக் காட்டிலும் பன்மடங்கு பழைய சான்றுகள் அம்மலையில் கிடைத்துள்ளன. அவை கைக்குள் அடங்கும் கற்கோடரிகள்.

புதிய கற்கால மக்கள் கடினமான கற்களைத் தட்டிச் செதுக்கி, பாறைமீது நீரும் மணலும் இட்டுத் தேய்த்து, கூரிய விளிம்புடைய கோடரிகளாக்கினர். மரக்காம்பில் பொருத்திக் காடு திருத்தினர். இரும்பு வழக்கிற்கு வந்தபின் இக்கருவிகள் மறக்கப்பட்டு மண்ணுள் மறைந்தன. பின்னாளில் அவை கிடைத்தபோது, மலைவாழ் மலையாளி மக்கள் அவற்றை வெறுங்கல்லென எறிந்துவிடவில்லை. மரத்தடியிலும் சிறு கோயில்களிலும் சேர்த்து வைத்துப் பிள்ளையாராக வணங்கினர். தமிழே பேசும் இம்மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்று கூறுவர். ஐரோப்பிய உழவரும் இத்தகைய கற்களை இடியோடு விழுந்தவை எனக் கருதி, வீட்டுக்குக் காப்பாக வைத்திருந்தனர். தொல்கருவியைத் தெய்வத்தோடு இணைத்துக் காணும் இயல்பு உலகிற்குப் பொதுவானது எனலாம்.

இக்கற்களின் பழமையை உணர்ந்து திரட்டியவர் இராபர்ட் புரூஸ் பூட் (1834-1912). இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய இவர், 1863இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வித்திட்டவர். ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். அவர்தம் சேகரிப்பு சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதுபற்றிய அவரது விரிவான நூல் 1916இல், அவர் மறைவுக்குப்பின் வெளிவந்தது.

பூட்டின் மாமனாரைத் தமிழ் இலக்கிய உலகம் நன்கறியும். அவர் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழாக்கியவரும், 1855இல் சென்னையில் 'தினவர்த்தமானி' இதழைத் தொடங்கியவருமான பீட்டர் பெர்சிவல். 1882இல் அவர் மறைந்ததும் ஏற்காட்டிலேயே. சொல்லைத் திரட்டியவரும் கல்லைத் திரட்டியவரும் ஒரே குடும்பத்தினராய் ஒரே மலையில் வாழ்ந்தமை எண்ணி மகிழத்தக்கது.

எனினும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். அருங்காட்சியகப் பேழையில் உள்ள கோடரி தன் வடிவையும் காலத்தையும் உரைக்கும். அதை எந்நிலத்தில் எடுத்தனர், எம்மரத்தடியில் வைத்தனர், எப்பெயரிட்டு அழைத்தனர் என்பவற்றை அது உரைக்காது. அவை மலைமக்களின் நினைவில் மட்டுமே வாழ்வன. கோயிலில் இருக்கும் கல்லுக்கும் இடர் உண்டு. மரத்தடிக் கோயில் சிமெண்டுக் கட்டடமாகும் வேளையில் பழங்கல் ஒதுக்கப்பட்டால், பல்லாயிரம் ஆண்டுச் சான்று ஒரே நாளில் அழியும். முதியவரோடு கதையும் மறைந்துவிட்டால், எஞ்சிய கல்லும் ஊமையாகிவிடும்.

அகழாய்வு தொல்லியலாருக்கு உரியது. கேட்டு எழுதும் பணியோ தமிழறிந்த எவரும் ஆற்றக்கூடியது. சமவெளியின் இலக்கிய வட்டங்கள் மலைச் சிற்றூர்களுக்குச் சென்று தெய்வப்பெயர், நிலப்பெயர், வழிபாட்டுக் கதை, பாடல் ஆகியவற்றைச் சொல்பவர் வாய்மொழியிலேயே பதிவு செய்யலாம். மலைமக்களின் இசைவோடு, கல் இருக்கும் இடத்தையும் படத்தோடு குறித்து வைக்கலாம். கல்லை எடுத்துவர வேண்டுவதில்லை. கல் கோயிலில் இருக்கட்டும். அதன் கதை ஏட்டில் ஏறட்டும்.