தாய்லாந்துச் சமையலில் காளான்கள்

தாய்லாந்து மொழியில் காளானுக்கு ‘ஹெட்’ என்று பெயர். அதை ஒட்டி வரும் சொல்லே பெரும்பாலும் காளானின் உருவத்தையோ வளரும் இடத்தையோ சொல்லிவிடும். ஹெட் ஃபாங் வைக்கோல் காளான். ஹெட் ஹூ நூ எலிக்காதுக் காளான். ஷிட்டாகேவுக்கு ஹெட் ஹோம், அதாவது மணக்கும் காளான், என்று பெயர்.

காட்டில் பொறுக்கிச் சமைப்பதே இங்கு பழைய வழக்கம். வடக்கிலும், ஈசான் எனப்படும் வடகிழக்கிலும், முதல் மழை விழுந்ததும் ஊர்மக்கள் விடியுமுன் கூடையோடு காட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். ஈசானின் கேங் ஹெட் என்னும் குழம்பில் தேங்காய்ப்பால் சேராது. யானாங் என்ற கொடியின் இலையைத் தண்ணீரில் போட்டுக் கையால் கசக்கினால் கரும்பச்சையாகச் சாறு இறங்கும். அதை வடிகட்டிக் கொதிக்கவிட்டு, அன்று கிடைத்த காளான் எதுவானாலும் அதில் போடுவார்கள். ஊறவைத்து இடித்த பசையரிசி குழம்பைக் கெட்டிப்படுத்தும். நொதித்த மீன் உப்பும் மணமும் தரும். தாய்லாந்துக் காளான் சமையலை அறிய விரும்புகிறவர் முதலில் சுவைக்க வேண்டியது இதைத்தான். உணவகப் பட்டியலில் இருப்பவை அதற்குப் பிறகு.

எலிக்காதுக் காளானும் உலர்ந்த ஷிட்டாகேவும் சமையலறைக்குள் நுழைந்ததில் சீனக் குடியேறிகளுக்குப் பெரும் பங்குண்டு. இஞ்சியோடு வதக்கும் கோழிக்கறியில் எலிக்காது இன்றும் தவறாது.

வைக்கோல் காளானைப் பயிரிடும் கலையும் தென்சீனத்தில் உருவானதே. தாய்லாந்தில் அதன் சாகுபடிக்கு 1930களின் பிற்பகுதியில் வழிகாட்டியவர் கான் சொன்லவிச்சான் என்ற வேளாண் அறிஞர். அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சும் வைக்கோலே படுக்கை. வெப்பமோ அந்த மண்ணுக்கு இயல்பானது. விதைத்த பத்துப் பன்னிரண்டு நாளில் பறித்துவிடலாம். குடை விரியும் முன், முட்டை வடிவில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் இது கெடாமல் இருப்பதற்குப் பதில் நீர்விட்டுக் குழைந்துபோகும். அதனால் பறித்த அன்றே விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் டப்பாவில் அடைக்க வேண்டும். 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற தோம் யாம் குங் என்ற இறால் சாற்றில், எலுமிச்சைப்புல், பேரரத்தையோடு மிதப்பது பாதியாக நறுக்கிய இந்த முட்டைதான்.

தேவதைக் காளான் என்று பொருள்படும் ஹெட் நாங் ஃபா சிப்பிக்காளான் குடும்பத்தைச் சேர்ந்தது. இமயமலை அடிவாரத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1970களில் இந்தியாவில் பயிராக்கப்பட்ட காளான் இது. தாய்லாந்தில் ரப்பர் மரத்தூள் நிரப்பிய பைகளில் வளர்த்து, மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள்.

மனிதர் பயிரிட முடியாதவையும் உண்டு. கரையான் புற்றிலிருந்து முளைக்கும் ஹெட் கோனைக் கரையான்களே வளர்க்கின்றன. காஞ்சனபுரிப் பகுதி அதற்குப் பேர்போனது. மஞ்சளும் வெள்ளையுமாக வரும் ஹெட் ரங்கோக் மிகச் சுவையானது. ஆனால் அதன் முட்டைப் பருவத்தைக் கொடிய நச்சுக் காளானின் முட்டையிலிருந்து பிரித்தறிவது பழகிய கண்ணுக்கும் கடினம். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, உடன் வேகும் அரிசி நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதெல்லாம் உயிரைக் காக்காது. அந்த நஞ்சு கொதித்தாலும் அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். தெரியாத முட்டையைத் தொடாதிருப்பதே வழி.

வடக்கத்தியர் எல்லாவற்றுக்கும் மேலாகக் கொண்டாடுவது ஹெட் தோப். ஈசானில் இதையே ஹெட் ஃபோ என்பார்கள். குங்கிலிய இனத்து மரங்களின் வேரோடு உறவாடி, மண்ணுக்குள் கோலிக்குண்டு போல் உருளும் காளான் இது. மழைக்காலத் தொடக்கத்தில் சில வாரங்களே கிடைக்கும். இளசைக் கடித்தால் மேல்தோல் நறுக்கென்று உடைந்து, உள்ளிருக்கும் வெண்மை வாயில் பிதுங்கும். முற்றியது உள்ளே கறுத்திருக்கும். நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்ட இதில், தாய்லாந்து மாதிரிகளை ஆராய்ந்து 2004இலும் 2007இலும் இரு புதிய இனங்களைப் பிரித்தறிவித்தார்கள்.

இந்தச் சுவைக்குக் காடு கொடுக்கும் விலை பெரிது. தரையைக் கொளுத்தினால் ஹெட் தோப் நிறைய முளைக்கும் என்ற நம்பிக்கையில் கோடையில் சருகுக்குத் தீ வைக்கிறார்கள். சியாங் மாய் பள்ளத்தாக்கை ஆண்டுதோறும் மூடும் புகைக்கு வயல்வெளித் தீயோடு இதுவும் ஒரு காரணம். தீ காளானை முளைக்க வைப்பதில்லை. சருகு எரிந்தபின் வெறுந்தரையில் காளான் கண்ணுக்கு எளிதில் படுகிறது, அவ்வளவே. அதற்கு உணவூட்டும் மரங்களின் கன்றுகளோ அந்தத் தீயில் கருகுகின்றன. வேறு வழியும் இருக்கிறது. முற்றிய காளானைத் தண்ணீரில் கரைத்து யாங் நா மரக்கன்றின் வேரில் ஊற்றி நடுவதை வேளாண் ஆய்வாளர்கள் கற்றுத் தருகிறார்கள். அந்த மரத்தடியில் முதல் காளானைப் பறிக்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.