வலியும் வலித்தலும்: துடுப்பு வீரரின் தேகபலம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மழைக்குறைவையே மூலதனமாகக் கொண்டு பட்டாசுக்கான மணிமருந்தை வெயிலில் காயவைத்துப் பிழைக்கும் எங்கள் திருத்தங்கல் வட்டாரத்திலிருந்து ஒருவன் படகுப் பந்தயத்தைப் பற்றி ஆராயப் புகுந்தால், கண்மாயில் நீர் நிற்கும் மாதங்களை விரல்விட்டு எண்ணும் ஊர்க்காரனுக்கு இதில் என்ன அதிகாரம் என்று வாசகர் வினவக்கூடும். துடுப்பு வீரனுக்கு வேண்டிய பலத்தில் கணிசமான பாகம் கரையிலேயே சம்பாதிக்கத்தக்கது என்பதும், அப்பலம் கிரமமும் அளவும் அறிந்தாலன்றிப் படகின் வேகமாக மாறாது என்பதுமே இக்கட்டுரையின் துணிபாதலின், அந்த அதிகாரம் வறண்ட நிலத்தாருக்கும் உண்டு.

முதற் கூற்றுக்கு இந்தியத் துடுப்பு வீரர் தத்து போகனலின் சரித்திரம் தக்க சாட்சி. நாசிக் மாவட்டத்தின் வறட்சிப் பகுதியிலுள்ள தளேகாவ் கிராமத்தில் தகப்பனாருடன் கிணறு வெட்டி ஜீவித்த அவர், 2012-இல் ராணுவத்தில் சேர்ந்த பின்னரே துடுப்பைக் கைக்கொண்டு, 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் படகில் 13-ஆம் இடம் பெற்று, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் சுவர்ண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோருடன் நால்வர் படகில் தங்கமும் வென்றார். 1867-இல் தொடங்கப்பெற்று இன்று அடையாற்றங்கரையில் விளங்கும் மெட்ராஸ் போட் கிளப் போன்றதொரு வசதி அவருடைய இளமைக்கு வாய்க்கவில்லை. பாறையோடு பொருத இடுப்பும் முதுகும் வாய்த்திருந்தன.

அவ்விடுப்பும் முதுகும் தொழிற்படும் கிரமத்தைத் தென்பாண்டிக் கிராமங்களின் இளவட்டக்கல்லில் காணலாம். கல்லைத் தூக்குபவன் குத்தவைத்து அதை இரு கைகளாலும் அணைத்து, முதலில் தொடைமேல் ஏற்றி, பிறகு கால்களை ஊன்றி இடுப்பை நிமிர்த்தி மார்புக்கு உயர்த்தி, கடைசியாகவே தோளுக்குத் தள்ளிப் பின்புறம் போடுகிறான். கைகளால் முதலில் இழுக்கத் துணிந்தவன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். நகரும் இருக்கையில் அமர்ந்து துடுப்பு வலிப்பவனும் மடக்கிய கால்களை உதைத்து, பின்பு உடலைச் சாய்த்து, முடிவில்தான் பிடியை வயிற்றருகே இழுக்கிறான். பளுவைத் தோளில் தாங்கி உட்கார்ந்தெழுவதும், தரையிலிருந்து பளு தூக்குவதும் இவ்வீரரின் அப்பியாசத்தில் தலைமை பெறுவதற்கு இதுவே காரணம்.

உவமை இவ்விடத்தோடு நின்றுவிடுகிறது. கல் ஒரு முறை தோளேறினால் காரியம் முடிந்தது. 2,000 மீட்டர் பந்தயத்திலோ ஆறேழு நிமிஷங்களில் இருநூறு முறைக்கு மேல் வலிக்கவேண்டும், அதற்கான சக்தியில் பெரும்பங்கு பிராணவாயுவைக் கொண்டே உண்டாகிறது. ஆதலின் படகோட்டுவதே போதுமான பயிற்சி என்பாரும் உளர். அவர்கள் மறப்பது யாதெனில், உச்சபலம் உயர உயர ஒவ்வொரு வலிப்பும் அதில் சிறு பாகமாகிவிடுவதால், சோர்வு தாமதப்பட இடமுண்டு என்பதே. நீரின் தடை ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வதால், நூற்றுக்கு ஒரு பங்கு வேகம் கூட்ட மூன்று பங்கு திறன் கூடுதலாக வேண்டும். அந்த ஒரு பங்கோ, முடிவுக்கோட்டில் 20 மீட்டர், அதாவது ஒற்றையர் படகு இரண்டின் நீளத்துக்கும் மேல். ஆயின் தசை வீணே பெருத்தால் படகு அமிழ்ந்து தடை மிகும்.

எனவே பந்தயம் தொலைவிலிருக்கும்போது பளுவைப் படிப்படியாக ஏற்றுவதும், நெருங்கும்போது தடவைகளைக் குறைத்து வேகத்தைக் காப்பதும், துடுப்பு வீரரை அதிகம் வருத்தும் கீழ்முதுகையும் விலாவையும் பேணுவதும் விவேகம். பழந்தமிழ் பலத்தை வலி என்றது. இன்று அச்சொல் நோவைக் குறிக்கிறது. கிரமந்தப்பித் துடுப்பு வலிப்பவன் முதற்பொருளை நாடிப் புறப்பட்டு, இரண்டாவதோடு வீடு திரும்புவான்.