புயலும் கூரையும்

தொட்டியம் போன்ற காவிரிக்கரை ஊரினர் புயலைக் கடற்கரையார் கவலை என்றே எண்ணக்கூடும். 2018 நவம்பர் 16இல் வேதாரணியத்தை ஒட்டிக் கரையேறிய கஜாவோ புதுக்கோட்டையைக் கடந்து திண்டுக்கல் வரை சென்றது. வழியில் ஓட்டுக் கூரைகளும் தகரக் கூரைகளும் பறந்தன.

புயற்காற்று கூரையை அழுத்துவதினும் மேல்நோக்கி இழுப்பதே மிகுதி. வேகம் இருமடங்கானால் விசை நான்மடங்காகும். 1964 டிசம்பர் 22 இரவில் அழிந்த தனுஷ்கோடியில் மாதா கோயிலின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன, கூரை இல்லை.

கடலோரக் கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலை இங்கு நினைக்கிறோம். கோயிற் சிற்பியரின் முறைப்படி கற்றூண்களை நிறுத்தி, அவற்றின்மேல் கற்பலகைகளைப் பரப்பித் தட்டையான தளமிட்டனர் நம் முன்னோர். காயல்பட்டினத்துப் பழம்பள்ளிகளும் அவ்வகையினவே. புயலை எண்ணித்தான் அவ்வாறு செய்தனர் என்று கூறத் துணியோம். ஆயினும் அக்கனத்தைப் பெயர்ப்பது காற்றுக்கு எளிதன்று.

கல்தளம் இன்று எல்லார்க்கும் கைகூடாது. தகரம் வேய்வோர் அதனைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரோடும், சுவரை அடித்தளத்தோடும் இரும்பால் பிணைத்தாக வேண்டும். ஓரங்களிலும் மூலைகளிலும் கொக்கியாணிகளை நெருக்கி இடவேண்டும். காற்று முதலில் கிளப்புவது அவ்விடங்களையே. மதரஸாவுக்குத் தகரக் கொட்டகை எழுப்பும் ஜமாஅத்தார், வண்ணத்தைப் பற்றிப் பேசுமுன் கொத்தனாரிடம் இதனைக் கேட்பார்களாக.