விவிலிய வரலாற்றின் காலக்கணிப்பு: சான்றுகளும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

பழைய ஏற்பாட்டு வரலாற்று நூல்களில் தொடர் ஆண்டுக் கணக்கு இல்லை. நிகழ்ச்சிகளின் காலம் அரசர்களின் ஆட்சியாண்டைக் கொண்டே சுட்டப்படுகிறது. இவ்வாண்டுகளைக் கி.மு. ஆண்டுகளாக மாற்றப் புறச்சான்றுகள் வேண்டும். அச்சான்றுகள் யாவை, விவிலிய எண்களோடு அவை முரண்படும் இடங்களில் மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பாட வேறுபாடு

அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட நூலில் உலகப் படைப்பின் காலத்தைக் கி.மு. 4004 எனக் கணித்தார். பின்னர் அவருடைய ஆண்டுகள் ஆங்கில விவிலியப் பதிப்புகளின் பக்க ஓரங்களில் இடம்பெற்றன. ஆயின், அவர் அடிப்படையாகக் கொண்ட எண்கள் எல்லாப் பாடங்களிலும் ஒன்றல்ல. எகிப்திலிருந்து வெளியேறியது முதல் சாலொமோன் ஆலயத்தைக் கட்டத் தொடங்கியது வரையிலான காலம் எபிரேய மசொரேத்தியப் பாடத்தில் 480 ஆண்டு. கிரேக்கச் செப்துவசிந்தாவில் 440 ஆண்டு. எனவே, எத்தனை ஆண்டு என வினவுமுன் எந்தப் பாடம் என வினவுதல் வேண்டும்.

3. அசீரியச் சான்றுகள்

அசீரியர் ஒவ்வோர் ஆண்டையும் ஓர் உயர் அலுவலரின் பெயரால் வழங்கினர். 'லிம்மு' எனப்படும் இப்பெயர்ப்பட்டியல்கள் களிமண் பலகைகளில் கிடைத்துள்ளன. அவற்றுள் ஓராண்டின் சிமானு மாதத்தில் நேர்ந்த சூரிய கிரகணம் குறிக்கப்பட்டுள்ளது. வானியல் கணக்கின்படி அந்நாள் கி.மு. 763 ஜூன் 15 ஆகும். இதனை நிலைப்புள்ளியாகக் கொண்டு ஏனைய ஆண்டுகள் கணிக்கப்படுகின்றன.

மூன்றாம் சல்மனாசாரின் 6ஆம் ஆட்சியாண்டாகிய கி.மு. 853இல் நிகழ்ந்த கர்கர் போரில் இஸ்ரவேல் அரசன் ஆகாப் பங்கேற்றதைக் குர்க் கல்வெட்டு கூறுகிறது. 18ஆம் ஆட்சியாண்டாகிய கி.மு. 841இல் யெகூ திறை செலுத்தினான். இடைப்பட்ட காலம் 12 ஆண்டே. ஆனால், இவ்விருவருக்கும் இடையே அகசியா 2 ஆண்டும் யோராம் 12 ஆண்டும் ஆண்டதாக இராஜாக்கள் நூல் கூறுகிறது. கூட்டினால் 14 வருகிறது.

இம்முரணுக்கு விடை அந்நூலிலேயே உள்ளது. அகசியா அரசனானது யூதா அரசன் யோசபாத்தின் 17ஆம் ஆண்டில். யோராம் அரசனானது அவனது 18ஆம் ஆண்டில். ஆகவே 'இரண்டு ஆண்டு' என்பது இரு ஆண்டுகளைத் தொட்ட ஆட்சி என்றே பொருள்படும். பதவியேற்ற ஆண்டின் எஞ்சிய பகுதியும் முழு ஆண்டாக எண்ணப்பட்டது. ஒவ்வோர் ஆட்சிக்கும் ஓராண்டைக் கழித்தால் 1, 11 என்றாகி 12 கிடைக்கிறது. எட்வின் தீலே 1951இல் வெளியிட்ட நூலில் இவ்வெண்ணல் முறைகளை விரிவாக விளக்கினார்.

4. பாபிலோனியச் சான்று

டொனால்டு வைஸ்மன் 1956இல் பதிப்பித்த பாபிலோனிய ஆண்டுக்குறிப்பு, எருசலேம் பிடிபட்டதை நேபுகாத்நேச்சாரின் 7ஆம் ஆண்டு, ஆதார் மாதம் 2ஆம் நாள் எனக் குறிக்கிறது. இது கி.மு. 597 மார்ச் 16 ஆகும். இந்நிகழ்ச்சியோடு தொடர்புடைய நாடுகடத்தலை எரேமியா 52ஆம் அதிகாரம் 7ஆம் ஆண்டில் வைக்கிறது. இரண்டாம் இராஜாக்கள் 24ஆம் அதிகாரமோ 8ஆம் ஆண்டு என்கிறது.

பாபிலோனியர் பதவியேற்ற ஆண்டை எண்ணிக்கையில் சேர்க்காமல் 'ரேஷ் ஷர்ரூதி' (ஆட்சியின் தலை) எனத் தனியே வழங்கினர். அதனையும் சேர்த்து எண்ணினால் 7 என்பது 8 ஆகும். எரேமியா 26ஆம் அதிகாரத் தொடக்கத்தில் வரும் எபிரேயத் தொடரும் தலை என்னும் பொருளுடைய அதே வேரிலிருந்து பிறந்ததே. அதனைக் கலைச்சொல்லாகக் கொள்வோரும் உளர். 'ஆட்சியின் தொடக்கத்தில்' எனத் தமிழில் பெயர்ப்பது பிழையன்று. ஆயினும் அக்குறிப்புப்பொருள் அதில் புலப்படாது. அடிக்குறிப்பு ஒன்றே அதனைக் காக்கும்.

5. முடிவுரை

எல்லா முரண்களும் இவ்வாறு தீர்வதில்லை. எசேக்கியாவின் 6ஆம் ஆண்டில் சமாரியா வீழ்ந்ததாகவும், 14ஆம் ஆண்டில் சனகெரிப் படையெடுத்ததாகவும் இரண்டாம் இராஜாக்கள் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. அசீரியச் சான்றுகளின்படி இவற்றிடையே ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளி உள்ளது. இதனை எண்ணல் முறை மட்டும் விளக்காது.

இத்தகைய இடங்களில் எண்ணை மாற்றி இசைவிக்கும் விருப்பம் மொழிபெயர்ப்பாளர்க்கு எழுதல் இயல்பு. ஆயின் 8ஐ 7 ஆக்கினால் வாசகர்க்குத் தெளிவு கிடைப்பதுபோல் தோன்றினும், பண்டைய எண்ணல் முறைக்கான சான்று அழிந்துபோகும். முரண்பட்ட எண்களைப் படியெடுத்தோர் திருத்தாது விட்டதனாலேயே இன்று அம்முறையை நாம் அறிய முடிகிறது. எண் பாடத்துக்கு உரியது; விளக்கம் குறிப்புக்கு உரியது.