திரைப்பட வட்டுகளும் சிறப்புப் பதிப்புகளும்

தோற்றுவாய்

அச்சுப்படி வேறு, பதிப்பு வேறு என்பதைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்டபோது, கிடைத்த ஏடு ஒன்றை எடுத்து அவ்வாறே அச்சிற்குக் கொடுத்துவிடவில்லை. ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டார். வேறுபட்ட பாடங்களைக் குறித்தார். கற்பார்க்கு வேண்டும் குறிப்புகளையும் சேர்த்தார். பதிப்பு என்பது இத்தகைய உழைப்பின் பயன்.

திரைப்படத்திற்கும் பதிப்பு உண்டோ எனின், உண்டு. படங்களை வட்டுகளில் பொறித்து விற்கும் வழக்கம் அமெரிக்காவில் 1978-இல் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் ‘சிறப்புப் பதிப்பு’ என்ற பெயர் வழக்கிற்கு வந்தது. அதனைத் தேடிச் சேர்ப்போர் கூட்டம் ஒன்றும் உருவாயிற்று. அச்சிறப்பு யாது? அணிசெய்த பெட்டியா, கிடைத்தற்கு அருமையா, அன்றி மூலத்தைக் காக்கும் தகுதியா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லேசர் வட்டின் வருகை

அமெரிக்க நிறுவனமாகிய எம்.சி.ஏ.வும் ஒல்லாந்து நாட்டு பிலிப்ஸ் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய லேசர் வட்டு, 1978 டிசம்பரில் அட்லாண்டா நகரில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அது 30 செ.மீ. விட்டமுடையது, தோற்றத்தில் பெரிய இசைத்தட்டினை ஒத்தது. பின்னர் ஜப்பானிய நிறுவனமாகிய பயோனியர் அதனை வளர்த்தது.

அக்காலத்தில் வீட்டில் படம் பார்ப்பதற்குப் பரவலாக வழங்கியது ஒளிநாடா. நாடாவில் தாமே பதிவு செய்துகொள்ளலாம்; வட்டில் அது இயலாது. வட்டின் விலையும் மிகுதி. ஆதலின் மக்கள் நாடாவையே நாடினர். ஆயின், வட்டிற்கு ஓர் அரிய பண்பு உண்டு. அதன் ஒருவகையில், பக்கத்திற்கு 30 நிமிடமே அடங்கும். அந்த 30 நிமிடத்தில் 54,000 படச்சட்டங்கள் எண்ணிடப்பெற்று நிற்கும். பார்ப்போர் வேண்டிய சட்டத்தை எண்ணிட்டு அழைக்கலாம். அசையாமல் நிறுத்திக் காணலாம். ஒரு செய்யுளில் நின்று சொல் சொல்லாக ஆராய்வது போலத் திரைப்படத்தில் நின்று ஆராயும் வாய்ப்பு, இல்லங்களுக்கு இதனால் வந்து சேர்ந்தது. பெருவழக்குப் பெறாத கருவியொன்று கற்போரின் கருவியாயிற்று என்க.

பதிப்பாசிரியர் தோன்றுதல்

இவ்வாய்ப்பை முதலில் உணர்ந்து பயன்படுத்தியது கிரைட்டீரியன் என்னும் அமெரிக்க நிறுவனம். 1984-இல் ‘சிட்டிசன் கேன்’, ‘கிங் காங்’ ஆகிய இரு படங்களை அது லேசர் வட்டில் வெளியிட்டது. வட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலித்தடங்கள் உண்டு. ‘கிங் காங்’ வட்டில் அவற்றுள் ஒன்றில், திரைப்பட வரலாற்றறிஞர் ரொனால்டு ஹேவர் படம் ஓடும்போதே அதனை விளக்கிப் பேசினார். மூலம் ஒருபுறமும் உரை ஒருபுறமுமாக அமைந்த இம்முறை, பின்னர் எங்கும் பரவியது. நம் இலக்கியத்தில் உரையாசிரியர் பெற்ற இடத்தைத் திரைப்படத்தில் ஓர் அறிஞர் பெற்ற காலம் அது எனலாம்.

உரையினும் இன்றியமையாதது மூலத்தின் முழுமை. அக்காலத் தொலைக்காட்சித் திரையின் அகலம் உயரத்தைப்போல் 1.33 மடங்கு. அகலத்திரைப் படங்கள் பலவற்றிலோ அது 2.35 மடங்கு. அத்தகைய படத்தைத் தொலைக்காட்சித் திரை முழுதும் நிரம்புமாறு அமைத்தால், காட்சியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இருமருங்கும் வெட்டுண்டு போகும். எதிரெதிர் நின்று பேசும் இருவருள் ஒருவரே தெரிவார். கிரைட்டீரியன் தன் எட்டாம் வெளியீட்டில், மேலும் கீழும் கருப்புப் பட்டைகள் விட்டு, அகலத்திரைப் படத்தை முழுமையாகக் காட்டியது. திரையின் ஒரு பகுதி வீணாயிற்று என வாங்குவோர் பலர் முதலில் குறைகூறினர். வீணானது திரையேயன்றிப் படம் அன்று என்பதை உணர அவர்கட்குச் சில காலம் வேண்டியிருந்தது.

பாடவேறுபாடுகள்

ஒரு படத்திற்கு ஒரே வடிவம்தான் உண்டு எனப் பலர் கருதுவர். உண்மை அதுவன்று. ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘பிளேடு ரன்னர்’ 1982-இல் வெளிவந்தபோது, கதைத்தலைவனின் குரல் கதையை விளக்கிச் செல்லும். முடிவும் இன்பமாக அமையும். 1992-இல் வந்த இயக்குநர் வடிவில் அக்குரலும் இல்லை, அம்முடிவும் இல்லை. 2007-இல் இயக்குநர் இறுதி வடிவம் ஒன்றைச் செய்தார். அவ்வாண்டு வெளியான ஐந்து வட்டுத் தொகுப்பில், திரையரங்கு வருவதற்கு முன்னிருந்த வரைவு வடிவம் முதல் இறுதி வடிவம் வரை ஐந்து வடிவங்களும் ஒருங்கே வைக்கப்பெற்றன. இறுதியைப் போற்றியவர்கள் முந்தியவற்றை அழிக்கவில்லை. பாடங்களை அருகருகே வைத்து ஒப்பிடும் உரிமை காண்போர்க்குக் கிடைத்தது. இது நல்ல பதிப்பிற்குச் சான்று.

இதற்கு மாறானதொரு வரலாறும் உண்டு. ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய ‘ஸ்டார் வார்ஸ்’ 1977-இல் வந்தது. 1997-இல் புதிய காட்சிகளைச் சேர்த்தும் பழையவற்றைத் திருத்தியும் அதனைச் ‘சிறப்புப் பதிப்பு’ என்ற பெயரால் அவர் மீண்டும் வெளியிட்டார். மூலத்தில் ஹான் சோலோ என்பவன், தன்னை மிரட்டும் கிரீடோவை முந்திக்கொண்டு சுடுவான். திருத்தத்தில் கிரீடோவே முதலில் சுடுகிறான். மாற்றம் சில நொடியே. ஆயினும், கரடுமுரடானவனாகத் தோன்றிப் படிப்படியே உயரும் ஒரு பாத்திரத்தின் பண்பு அதனால் வேறுபடுகின்றது. 2004-இல் வந்த டிவிடியில் அக்காட்சி மீண்டும் திருத்தப்பட்டது.

தம் படைப்பைத் திருத்தும் உரிமை படைத்தோர்க்கு உண்டு என்பதை யாரும் மறுக்கார். முந்திய பாடத்தைக் காணவொட்டாமல் செய்யும் உரிமையும் உண்டோ என்பதே வினா. 2006-இல் மூல வடிவம் டிவிடியில் துணை வட்டாக வந்தது. அதற்கு எடுத்துக்கொள்ளப்பட்டது, 1993-ஆம் ஆண்டு லேசர் வட்டுக்கென ஆயத்தம் செய்த பழைய பிரதியே. 2011-இல் வந்த புளூ-ரே தொகுப்பிலோ திருத்திய வடிவமே இடம்பெற்றது. ஆகவே, 1977-இல் மக்கள் கண்ட படத்தை ஆராய விரும்புவோர், பழைய வட்டுகளைப் போற்றி வைத்தோரின் அலமாரியை நாட வேண்டியவராயினர்.

உரைக்கும் இந்நிலை நேர்ந்ததுண்டு. ஜேம்ஸ் பாண்டு படங்களுள் முதல் மூன்றினைக் கிரைட்டீரியன் 1991-இல் உரையுடன் வெளியிட்டது. உரையில் இருந்த சில கருத்துகள் படவுரிமையாளர்க்கு ஒவ்வாமையால் அவ்வட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. முன்னரே விற்றுப்போன படிகளில் மட்டுமே அவ்வுரை நின்றது.

விலையும் மதிப்பும்

1996-இல் ஜப்பானிலும் 1997-இல் அமெரிக்காவிலும் டிவிடி வந்தபின், வட்டுச் சேகரிப்பு பெருவழக்காயிற்று. அதனோடு அரிய வட்டுக்குப் பெருவிலை கொடுக்கும் வழக்கமும் வளர்ந்தது. இத்தாலிய இயக்குநர் பசோலினியின் ‘சலோ’ என்னும் 1975-ஆம் ஆண்டுப் படத்தைக் கிரைட்டீரியன் 1998-இல் டிவிடியாக வெளியிட்டது. உரிமைச் சிக்கலால் விற்பனை விரைவில் நின்றது. கைவிட்டுக் கைமாறிய படிகள் நூற்றுக்கணக்கான டாலருக்கு விலைபோயின, போலிகளும் தோன்றின. 2008-இல் அதே நிறுவனம் மேம்பட்ட பதிப்பை மீண்டும் வெளியிட்டது. பழைய வட்டின் பெருவிலைக்குக் காரணமாயிருந்த அருமை அத்துடன் நீங்கியது.

இதனால் ஓர் உண்மை புலப்படும். அருமை பற்றி வரும் விலை, அருமை நீங்கியவுடன் நீங்கும். வேறெங்கும் கிடையாத பாடத்தையோ உரையையோ தாங்கும் வட்டின் மதிப்பு அத்தகையதன்று. சந்தையில் அதற்கு விலை குறைந்தாலும் அது சான்றாவணமாகவே நிற்கும். சேகரிப்போர் இவ்விரண்டனையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

சிதைவும் மீட்பும்

சிறப்புப் பதிப்பின் பயன், உள்ளதை வெளியிடுவதோடு அமையாது. சிதைந்ததை மீட்கவும் அது துணைநிற்கும். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1955-இலும் ‘அபராஜிதோ’ 1956-இலும் ‘அபுர் சன்சார்’ 1959-இலும் வந்தவை. இவற்றின் மூல நெகடிவ் சுருள்கள் 1993-இல் இலண்டனில் ஒரு படச்சாலையில் நேர்ந்த தீவிபத்தில் கருகின. பயன்படா என்று தோன்றிய எச்சங்களை அமெரிக்கத் திரைப்பட அகாதமியின் காப்பகம் எறியாது வைத்திருந்தது. இருபது ஆண்டுகளுக்குப்பின், கிரைட்டீரியனும் அக்காப்பகமும் இத்தாலியின் பொலோஞா நகரிலுள்ள சீரமைப்புக் கூடமும் கைகோத்தன. உலர்ந்து சுருங்கிய சுருள்களுக்கு ஈரப்பதம் ஊட்டினர். உருகிய ஒட்டுகளை அகற்றினர். துளைகளைக் கையாலேயே செப்பனிட்டனர். மீளாத பகுதிகளுக்கு வேறு நாடுகளிலிருந்த படிகளைக் கொண்டனர். செல்லரித்த ஏட்டின் இடைவெளியைப் பிற ஏடுகளால் நிரப்பும் முறையே இது. 2015-இல் மூன்று படங்களும் திரையரங்கிலும் பின்னர் வட்டிலும் வெளிவந்தன.

வட்டும் அழிவிற்கு விலக்கன்று. லேசர் வட்டின் இரு பாதிகளும் பசையால் ஒட்டப்பெற்றவை. காற்று புகுந்தால் உள்ளிருக்கும் அலுமினியப் படலம் அரிக்கப்படும். திரையில் புள்ளிகள் பெருகும். ஈற்றில் படமே மறையும். இயக்கும் கருவியும் அரிதாகி வருகின்றது. லேசர் வட்டுக் கருவி செய்தலைப் பயோனியர் 2009-இல் நிறுத்தியது.

முடிவுரை

1998 முதல் அஞ்சலில் வட்டுகளை வாடகைக்கு அனுப்பிவந்த நெட்பிளிக்ஸ், 2023 செப்டம்பரில் அப்பணியை முடித்துக்கொண்டது. படங்கள் இன்று பெரும்பாலும் இணையவழியே வருகின்றன. அவ்வாறு வருவதை உரிமையாளர் திருத்தலாம், மறைக்கவும் செய்யலாம். விற்றுப்போன வட்டினை அவ்வாறு செய்ய இயலாது. சிறப்புப் பதிப்பின் உண்மைச் சிறப்பு இந்நிலைபேற்றில் உள்ளது. பெட்டியின் அழகும் அரிதின் விலையும் அதற்குப் பிற்பட்டவை.

தனியார் அலமாரிகள் ஒருவர் வாழ்நாளளவே நிற்கும், பின்னர்ச் சிதறும். ஆதலின் பல்கலைக்கழக நூலகங்கள் வட்டுப் பதிப்புகளை நூற்பதிப்புகளோடு ஒப்பக் கருதி, எவ்வாண்டு வெளியீடு, எவ்வடிவம், யார் உரை என்று வகைப்படுத்திச் சேர்த்தல் வேண்டும். இயக்கும் கருவிகளையும் பேணுதல் வேண்டும். ஏடுகள் மறைந்தபின் அவற்றைத் தேடி ஊரூராக அலைந்த வரலாறு நமக்கு உண்டு. வட்டுகள் மறையுமுன்னரே அவற்றைத் தொகுக்கும் வாய்ப்பு இன்னும் நம் கையில் உள்ளது.