ஏறுதழுவுதலில் காயமும் காப்பும்

சல்லிக்கட்டு என இன்று வழங்கும் ஏறுதழுவுதல் தமிழரின் தொன்மையான வீர விளையாட்டு. கலித்தொகையின் முல்லைக்கலி வீரத்தோடு, கொம்பு குத்திக் குடல் சரிந்த இளைஞர்களையும் காட்டுகிறது. கொம்புக்காயம் வெளியே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளுறுப்புகள் சிதைந்திருக்கலாம்.

2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு சல்லிக்கட்டு முறைப்படுத்தும் சட்டம், காளை ஓடும் பாதையில் இரட்டைத் தடுப்பு வேலியைக் கட்டாயமாக்கியது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் விளையாட்டைத் தடை செய்தது. 2017 சனவரி மெரினா போராட்டத்தையடுத்துத் திருத்தச் சட்டம் வந்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

இப்போது வீரர்கள் மருத்துவப் பரிசோதனைக்குப் பின்னரே களமிறங்குகின்றனர். திமிலை மட்டுமே தழுவலாம். கொம்பையோ வாலையோ பிடிக்கக்கூடாது. எனினும் களத்துக்கு வெளியே பார்வையாளர்களும் காளை உரிமையாளர்களும் குத்துப்பட்டு இறந்துள்ளனர். ஆகவே வேலிக்கு அப்பால் நிற்பதும் விதியே.