வலங்கைமான்காரர் ஆரம்பித்த மளிகைக்கடை

நுகர்வோர் உரிமை என்றால் நம் வணிகவியல் புத்தகம் 1962இல் கென்னடி பேசியதில் ஆரம்பித்து 1986ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு வந்துவிடும். கென்னடிக்கு 58 வருடம் முன்பே நம் தஞ்சாவூர்ச் சீமைக்காரர் ஒருவர் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார்.

வலங்கைமான் என்றால் நமக்குப் பாடைக்காவடியும் பட்டாசும்தான் ஞாபகம் வரும். (இப்போது அது திருவாரூர் மாவட்டம்.) வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1869இல் பிறந்தது அங்கேதான். ஏழைப் புரோகிதர் வீட்டுப் பிள்ளை. கும்பகோணத்தில் படித்து, சென்னை திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஆனார். அவருடைய ஆங்கிலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது மளிகைக்கடை விஷயம்!

1904இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். டி.யூ.சி.எஸ். என்று சென்னைக்காரர்கள் சொல்வது இதைத்தான். அதே வருடம் வந்த கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்காகப் போட்டது. மற்ற வகைச் சங்கங்களுக்குச் சட்டம் வழிவிட்டது 1912இல்தான்.

இவர்களுக்கு முன்னோடி இங்கிலாந்தின் ராச்டேல் ஊர்த் தொழிலாளர்கள். 28 பேர் காசு போட்டு 1844 டிசம்பர் 21 அன்று ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் சரக்கு. கலப்படம் கிடையாது, எடை சரியாக இருக்கும், கடனும் கிடையாது. லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வார்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான்.

கடன் கிடையாது என்பதில்தான் சூட்சுமம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பாக்கி வைத்திருப்பவன் கல் கலந்த அரிசியைப் பற்றிக் கேள்வி கேட்க முடியுமா? இங்கே வாங்குகிறவனே கடைக்குச் சொந்தக்காரன். அவனை ஏமாற்றி யாருக்கு லாபம்?

சட்டம் வேறு வழியில் போகிறது. முதலில் நஷ்டப்பட வேண்டும், பிறகு ரசீதோடு ஆணையத்துக்குப் போக வேண்டும். 1986 சட்டத்துக்குப் பதிலாக 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் வருடச் சட்டத்திலும் அதே கதைதான்.

போன மாதம் பாட்டி வாங்கி வந்த ரேஷன் அரிசியை வீட்டுத் தராசில் வைத்தேன். 20 கிலோவில் முக்கால் கிலோ குறைந்தது. கேட்கலாம் வா என்றேன். "சும்மா இருடா, அடுத்த மாசம் அட்டையைத் தூக்கி எறிஞ்சிடுவான்" என்றார்.

அந்தக் கடையை நடத்துவது ஒரு கூட்டுறவுச் சங்கம். பாட்டி அதில் உறுப்பினர்.